அப்பா அண்ணனை என்னவென்று கூப்பிட்டார்

நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. பிள்ளைகள் என்று நாமேதான் சொல்லிக்கொள்கிறோம். பாதிப் பேருக்குப் பல் செட்டு, மீதிப் பேருக்கு முழங்கால் வலி. வழக்கமாக அதில் காலை வணக்கமும் கோயில் படமும்தான் வரும். போன வாரம், லயத்து வரிசை வீடுகளில் எங்கள் பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தையின் மகன் திடீரென்று என்னிடம் ஒரு கேள்வி போட்டான்.

“ஒங்கப்பா ஒங்க அண்ணன ஸ்டோருக்குள்ள நெசமாவே என்னான்னு கூப்பிட்டாரு? நீ அன்னிக்குச் சொன்னத நம்பித்தான் நான் என் பென்சில குடுத்தேன்.”

எல்லோரும் சிரிப்புப் படம் போட்டீர்கள். நானும் ஒன்றைப் போட்டுவிட்டுக் கைபேசியை அரிசி டின் மேல் கவிழ்த்து வைத்தேன். இத்தனை வருடம் கழித்து ஒரு பென்சிலுக்கு இவன் வழக்கு வைக்கிறானே என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அன்று அந்த இடத்தில் நின்றவர்கள் நாலு பேர். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். மூன்றாவது ஆள் நான். நாலாவது ஆளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தேயிலைத் தொழிற்சாலையை நாம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம் என்பதை உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு மேலே படியுங்கள். அந்த ஸ்டோரில் எங்கள் அப்பா அடுப்புக்காரர். கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, கடைசியில் காயவைக்கிற டிரையருக்குச் சூடு கொடுக்கிற விறகு அடுப்பு அவருடையது. ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி வைத்திருப்பார். அதால் நெருப்பைக் குத்திக் கிளறினால் உள்ளே ஒரு உறுமல் கேட்கும். வெளியே எலும்பு நடுங்கும் மழை பெய்தாலும் அப்பா மட்டும் வேர்த்துக்கொண்டு நிற்பார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சுச் சளி. அந்த அடுப்புதான் அவருக்கு மருந்து என்று அம்மா சொல்வாள்.

அண்ணன் பெரிய பரீட்சை பாஸ் பண்ணியதும், அதே ஸ்டோரில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற பெரிய டீமேக்கர் அவனைத் தொழில் பழக எடுத்தார். மூன்று வருடம் பழக வேண்டும். அதன் பிறகு ஒரு பரீட்சை. அதிலும் பாஸானால் சின்ன டீமேக்கர்; அதாவது ஸ்டாப், தோட்டத்து உத்தியோகத்தர். லயத்திலிருந்து ஒருவன் ஸ்டாப் ஆவது அப்போது நம் பக்கத்தில் கேள்விப்படாத விஷயம்.

என்னதான் பழகுகிறான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை தாங்காது. வந்ததும் வராததுமாகக் கேட்பேன். ஒரு நாள் கொழுந்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறந்தேன் என்பான். இன்னொரு நாள் காலையிலிருந்து வெறுமனே மோந்து பார்த்தேன் என்பான். மோந்து பார்ப்பதற்கெல்லாம் ஒரு உத்தியோகமா என்று எனக்கு வியப்பாக இருக்கும். அவன் காற்சட்டைப் பையில் ஒட்டியிருக்கும் தூளைத் தட்டி எடுத்து நானும் மோந்து பார்ப்பேன். ஒரு நாள் பச்சை வாசம், ஒரு நாள் பழ வாசம், ஒரு நாள் தும்மல்.

“மூக்கும் நாக்கும் சுத்தமா இருக்கணும்னு பெரிய டீமேக்கர் சொல்றாரும்மா,” என்று அவன் ஒரே ஒரு தடவை சொன்னான். போதாதா? அன்றிலிருந்து எங்கள் காம்பராவில் கருவாடு கிடையாது. பூண்டு கிடையாது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை அம்மா இஸ்தோப்புத் திண்ணைக்கு வெளியே, மழையில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு காட்டினாள். அப்பா பீடியை ஸ்டோரிலேயே குடித்துவிட்டு வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். மூன்று வருடம் ஐயா, மூன்று வருடம்! நான் கருவாட்டைப் பக்கத்துக் காம்பராவில் போய்த்தான் சாப்பிட்டேன். அங்கிருந்த அத்தை எனக்கென்று ஒரு துண்டு எடுத்துவைத்து, “வாயக் கழுவிட்டுப் போ புள்ள, ஒங்கம்மா என்னக் கொன்னுருவா,” என்பார்கள்.

அந்த அத்தை ஸ்டோரில் சலிப்பு வேலை. டிரையருக்குப் பக்கத்திலேயே நின்று தூள் சலிப்பார்கள். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது, ஞாபகம் இருக்கிறதா? மேலே இரண்டு முழம் திறப்பு. அந்தத் திறப்பு வழியாக அவர்கள் வீட்டுப் புகை இங்கே வரும், எங்கள் வீட்டுப் பேச்சு அங்கே போகும். அம்மாவும் அத்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரொட்டி தட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள்.

பரீட்சை திம்புள்ளப் பக்கம் ஒரு ஸ்டோரில் நடந்தது. வரிசையாகக் கோப்பைகள் வைத்து, ஒவ்வொன்றிலும் என்ன பழுது என்று கேட்டார்களாம். திரும்பி வந்த அண்ணன் இஸ்தோப்பில் சப்பாத்தைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டிருந்தான்.

“மூணாவது கோப்பையில எல்லாப் பயலும் தெணறிட்டானுங்க. எனக்கு வாயில வச்ச ஒடனே தெரிஞ்சிருச்சு. அப்பா சட்ட வாசம். பொகை புடிச்ச தூளுன்னு எழுதிட்டேன்.”

மூன்று வருடம் நாங்கள் கருவாட்டைத் துறந்தது எதற்கு என்று நான் கேட்டேன். அம்மா கரண்டியை ஓங்கினாள். பாஸ் என்று கடிதம் வந்த அன்று அவள் முதல் வேலையாகக் கருவாடுதான் பொரித்தாள். லயமே மணத்தது.

கருவாடு தட்டில் இருக்கும்போதுதான் அண்ணன் அந்தச் சங்கதியைச் சொன்னான். திங்கட்கிழமையிலிருந்து அவன் சின்ன டீமேக்கர். ஸ்டாப் கோட்டர்ஸில் ஒரு அறை. ஆனால் அடுப்பில் அப்பா நிற்கிறார். ஸ்டாப் ஆனவர்களை வேலையாள் “ஐயா” என்று சொல்ல வேண்டும், தலைத்துண்டைக் கழற்றிக் கக்கத்தில் வைக்க வேண்டும். அதுதான் தோட்டத்து வழக்கம். தகப்பன் மகனை அப்படிச் சொல்வானா? சொல்லாவிட்டால் மற்றவன் எவன் சொல்வான்?

“பெரிய டீமேக்கர் என்னா சொன்னாரு?” என்று அப்பா கேட்டார்.

“ஒரு வாரம் பாக்குறேன்னாரு. ஸ்டோர்ல அப்பன் மவன் கொஞ்சிக்கிறாங்கன்னு லயத்துல எவனாச்சும் சிரிச்சான்னா, ஒங்கள மலை வேலைக்கு அனுப்பிடுவாராம்.”

மலை வேலை என்றால் தண்ணீர் ஓடக் கான் வெட்டு, புல்லு வெட்டு. மழையில் நிற்க வேண்டும். அம்மா அப்பாவின் நெஞ்சைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ரொட்டி தட்டும் சத்தம் நின்றிருந்தது. அத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது புரிகிறது.

“இதுக்கு என்னாத்துக்கு மூஞ்சிய இப்புடி வச்சிருக்க, பெரியவனே? நான் சொல்லிட்டுப் போறேன்,” என்றார் அப்பா. பெரியவனே என்றுதான் அவனைப் பிறந்ததிலிருந்து கூப்பிடுவார்.

சொல்வது அத்தனை சுலபமில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. சனிக்கிழமை சோறு கொண்டுபோனபோது அடுப்பறையில் யாருடனோ பேசுகிற குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அப்பா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்து, “வந்துட்டேங்க ஐயா. சரிங்க ஐயா. கொறைச்சிட்டேங்க ஐயா,” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் குரலை மாற்றினார். ஒரு தடவை அவருக்கே சிரிப்பு வந்து நிறுத்திவிட்டார். நான் சத்தமில்லாமல் பின்னால் போய், செருமிக்கொண்டு மறுபடி வந்தேன்.

இதற்குள் நம் கூட்டத்துக்கு விஷயம் எட்டிவிட்டது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பந்தயம் கட்டினோமே! நான் அங்கே இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள், எல்லாரும்தான் இருந்தீர்கள். அப்பா அவனை “ஐயா” என்பாரா, “பெரியவனே” என்பாரா? அத்தை மகன்தான் “ஐயான்னுதான் சொல்லுவாரு” என்று பிடிவாதமாக நின்றான். அவன் வைத்தது அந்தச் சிவப்பு நீலப் பென்சில், ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் நீலம். பள்ளிக்கூடத்திலேயே அப்படி ஒன்று வாத்தியாரிடமும் அவனிடமும்தான் இருந்தது. மற்ற எல்லோரும் “பெரியவனே” பக்கம். ஸ்டோருக்குள்ளே சோற்றுக் கேரியரோடு போகக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னை நடுவராக வைத்தீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை.

அண்ணன் அப்பாவை என்னவென்று கூப்பிடுவான் என்று நம்மில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் அதிசயமாக இருக்கிறது.

திங்கள், செவ்வாய், புதன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கூப்பிடாமலே வேலை பார்த்தார்கள். சூடு குறைக்க வேண்டுமென்றால் அண்ணன் டிரையர் பக்கத்தில் நிற்கும் அத்தையிடம் மெதுவாகச் சொல்வான். அத்தை சல்லடையை வைத்துவிட்டு அடுப்பறைக் கதவில் நின்று, “அண்ணே, கொஞ்சம் கொறைப்பீங்களாம்,” என்பார்கள். யார் சொன்னது என்று அதில் இருக்காது. பீலிக்கரையில் நீங்கள் கேட்கக் கேட்க நான் உதட்டைப் பிதுக்கினேன்.

வியாழக்கிழமை நான் போனபோது பெரிய டீமேக்கர் ஆபீசுக்குப் போயிருந்தார். உருட்டு மெஷின் பக்கம் ஆட்கள் இல்லை, சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். டிரையர் வாயில் அண்ணன் நின்றான். வெள்ளைச் சட்டை, நீளக் காற்சட்டை. காய்ந்து விழுந்த தூளை அள்ளி மூக்கருகே கொண்டுபோனவன் முகம் மாறிவிட்டது. எனக்கே கருகல் வாசம் அடித்தது. அத்தை அப்போதுதான் தூள் மூட்டையைத் தலையில் ஏற்றியிருந்தார்கள், திரும்ப முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அன்றைய தேயிலை மொத்தமும் பாழ்.

அண்ணன் அடுப்பறைப் பக்கம் திரும்பினான். வாயைத் திறந்தான், மூடினான். பிறகு கத்தினான்.

“அடுப்பு! சூட்டக் கொறை!”

பெரிய டீமேக்கர் அப்படித்தான் கூப்பிடுவார். அதே குரல், அதே வெட்டு. அப்பாவைப் பார்த்து, “கொறை” என்று.

அப்பா வெளியே வந்தார். துண்டு ஏற்கெனவே கக்கத்தில் இருந்தது. “கொறைச்சிட்டேங்க ஐயா,” என்றார். சனிக்கிழமை எத்தனையோ குரலில் சொல்லிப் பார்த்தாரே, அதில் நல்லதைப் பொறுக்கி எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் தேடினால் கிடைக்காது. பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு வந்தபோது அண்ணன் சிரித்தானே, அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது. அடுப்பு தப்பித்தது என்ற சந்தோஷம்.

அண்ணன் சிரிக்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொதிக்கிற தட்டில் வெறும் கையை விட்டுத் தூளைக் கிளறிக்கொண்டே இருந்தான். விரலெல்லாம் சிவந்துவிட்டது. அத்தை மூட்டையை இறக்காமல் அப்படியே நின்றிருந்தார்கள்.

நான் வெளியே வந்து விறுவிறுவென்று நடந்தேன். எங்கப்பாவை எங்கண்ணன் “அடுப்பு” என்று கூப்பிட்டுவிட்டானே என்ற ஆத்திரம். பீலிக்கரையில் நீங்கள் அத்தனை பேரும் காத்திருந்தீர்கள். “என்னா, என்னா” என்று சூழ்ந்துகொண்டீர்கள். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்:

“எங்கப்பா, ‘டேய் பெரியவனே, எனக்கே சொல்லித் தர்றியா’ன்னாரு. அண்ணன், ‘இல்லப்பா, மன்னிச்சுக்கங்கப்பா’ன்னுச்சு.”

பொய். அத்தனையும் பொய். ஒரு வாரக் கெடு எனக்குத் தெரியும், தெரிந்தும் சொன்னேன். அந்த நேரத்தில் அது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? எங்கப்பா பெரிய ஆள் என்று உங்கள் முன்னால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் கைதட்டினீர்கள். அத்தை மகன் பென்சிலை என் கையில் வைத்துவிட்டுப் போனான்.

பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களும் கேட்டார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. மறுநாள் வேலை பிரிக்கிற காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடியபோது கதை வளர்ந்து நின்றது. அடுப்புக்காரர் கம்பியை ஓங்கினாராம், சின்ன டீமேக்கர் காலில் விழுந்தானாம். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவே சிரித்தாராம். சனிக்கிழமைப் பெரட்டில் அப்பா பெயரைக் கான் வெட்டுக் கூட்டத்தில் வாசித்தார்கள்.

அப்பா இரும்புக் கம்பியைப் புது ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தார். இஸ்தோப்பில் உட்கார்ந்து, “நான் சரியாத்தானே சொன்னேன்?” என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. அண்ணன் கோட்டர்ஸிலிருந்து ஓடி வந்தான். “நான் கேட்டுப் பாத்துட்டேன்ப்பா. லயமே சிரிக்குது, இனி மாத்த முடியாதுங்கிறாரு.” அம்மாதான் முடிவுக்கு வந்தாள். அந்த நேரத்தில் ஸ்டோருக்குள்ளே இருந்த வெளியாள் ஒருத்திதான். “நம்ம கருவாடு மணத்தது அவளுக்குப் பொறுக்கல. கூட இருந்தே குழி தோண்டிட்டா,” என்று சுவர் மேல் திறப்பைப் பார்த்துக் கத்தினாள். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதன் பிறகு அந்தச் சுவருக்கு மேலே பேச்சு போகவில்லை. புகை மட்டும் வந்து போனது. அம்மா கடைசி வரைக்கும் அத்தையோடு பேசவில்லை. அவர்கள் கொட்டகலைக்குக் குடிபோன அன்றுகூட உள்ளேயே இருந்தாள்.

ஒரு தடவை, அந்த வாரத்திலேயே, பீலியில் நானும் அத்தையும் மட்டும் நின்றோம்.

“ஏம் புள்ள, அன்னிக்கு நீயுந்தானே அங்க நின்ன?”

நான் வாளியைப் பார்த்தேன். வாளி நிரம்பி வழிந்தது. அத்தை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, “தண்ணி நெறஞ்சிருச்சு, எடு,” என்றார்கள். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலை வேலைக்குப் போன முதல் திங்கட்கிழமை, அப்பா மண்வெட்டியோடு ஸ்டோருக்கு மேலே உள்ள பாதையில் நின்று, “டேய் பெரியவனே!” என்று கூப்பிட்டார். இனி அவர் ஸ்டோர் ஆள் இல்லையே, எவன் கேட்பது? கொழுந்து வாட்டுகிற மேல்மாடி ஜன்னலைத் திறந்து அண்ணன், “என்னாப்பா?” என்று கத்தினான். மலை முழுக்கக் கேட்டது. ஒன்றுமில்லை என்று அப்பா கையை ஆட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு தினமும் அப்படித்தான். என் பொய் நாலு நாள் கழித்து உண்மையானது. அதற்காக நான் சந்தோஷப்படுவதா? அவருக்கு இருமலும் அந்த மழைக்காலத்தில்தான் பிடித்தது, கடைசி வரை விடவில்லை. நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பென்சிலைக் கொண்டு நான் ஒரு கோடும் போடவில்லை. பெட்டிக்கடியில் வைத்திருந்தேன், எப்போது தொலைந்தது என்று தெரியாது.

ஆகவே, அத்தை மகனே, நீதான் ஜெயித்தாய். அப்பா “ஐயா” என்றுதான் சொன்னார். ஹட்டன் கடைவீதியில் தேடி ஒரு சிவப்பு நீலப் பென்சில் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கொட்டகலைக்கு வருகிறேன். ஆனால் நான் வருவது உன்னைப் பார்க்க இல்லை. என் பொய்யை அறிந்த ஒரே ஆள் உன் அம்மா. சுவருக்கு மேலே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி என் தலையில் விழுந்திருக்கும். எங்கம்மா அத்தனை திட்டியும் ஏன் சொல்லவில்லை? ஒரு சின்னப் பிள்ளைக்காக ஒரு சிநேகிதத்தை எப்படி விட்டார்கள்? இதைத்தான் கேட்க வேண்டும்.

அத்தைக்கு இப்போது காது மந்தம் என்று எழுதியிருந்தாய். பரவாயில்லை, சத்தமாகவே கேட்கிறேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும்.